டி-ஹேண்டில் அலன் கீ வாங்குவோர் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

குன்னூரில் இயந்திரங்கள் பழுது பார்க்கும் சிறிய பட்டறை ஒன்றில் வேலை செய்கிறேன். தேயிலை பறிக்கும் இயந்திரம், புதர் வெட்டும் பிரஷ் கட்டர், மலைச் சைக்கிள், தேயிலைத் தொழிற்சாலையிலிருந்து வரும் கன்வேயர் உதிரிகள் என எது மேசைக்கு வந்தாலும் அதில் அறுகோணப் பள்ளம் கொண்ட போல்ட்டுகள் இருக்கின்றன. அவற்றில் பல, பொருந்தாத சாவியைப் போட்டுத் திருகியதால் மூலை மழுங்கிய நிலையில் வருகின்றன. தோட்டக்காரர்களும், ஃபிட்டர் வேலை பழகும் பிள்ளைகளும், சைக்கிளை வாடகைக்கு விடுவோரும் திரும்பத் திரும்பக் கேட்ட கேள்விகளை அவர்கள் கேட்ட விதத்திலேயே இங்கே தொகுத்திருக்கிறேன்.

அலன் கீன்னு ஒருத்தர் சொல்றாரு, எல்.என். கீன்னு இன்னொருத்தர் சொல்றாரு. ரெண்டும் வேற வேறயா?

இரண்டும் ஒன்றுதான். அமெரிக்காவின் ஹார்ட்ஃபோர்டு நகரில் வில்லியம் ஜி. ஆலன் என்பவர் 1910-இல் காப்புரிமை பெற்று, ஆலன் என்ற பெயரிலேயே இவ்வகைத் திருகாணிகளைச் செய்து விற்றார். அந்தப் பெயர் நம் பட்டறைகளில் வாய்க்கு வாய் மாறி எல்.என். கீ ஆகிவிட்டது. கடையில் எந்தப் பெயரைச் சொன்னாலும் அறுகோணக் கம்பியைத்தான் எடுத்துத் தருவார்கள்.

நீங்கள் சொல்லாமல் விட்டால் எல் வடிவச் சாவிதான் வரும். நீண்ட கம்பியின் தலையில் குறுக்காகக் கைப்பிடி வைத்த வகை வேண்டுமானால் "டி அலன் கீ" அல்லது "டி-ஹேண்டில்" என்று கேளுங்கள். எத்தனை மில்லிமீட்டர், எவ்வளவு நீளம் என்பதையும் சேர்த்தே சொல்லுங்கள்.

எல் வடிவ செட் ஏற்கெனவே வீட்ல கெடக்குது. அப்புறம் டி எதுக்குங்க?

எப்போதாவது ஒரு கட்டிலையோ நாற்காலியையோ பூட்டுவதற்கு எல் சாவியே போதும். டி-ஹேண்டில் பயன்படுவது மூன்று இடங்களில்: ஒரே அளவு போல்ட்டுகள் வரிசையாக இருக்கும்போது, போல்ட் ஆழமான குழிக்குள் இருக்கும்போது, பலமுறை கழற்றிப் பூட்ட வேண்டிய மூடிகளில். கட்டை விரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் இடையில் தண்டைப் பிடித்துச் சுழற்றினால், தளர்ந்த போல்ட் சில நொடிகளில் வெளியே வந்துவிடும். எல் சாவியில் அதே வேலைக்குக் கால் சுற்றுக்கு ஒருமுறை எடுத்து எடுத்துப் போட வேண்டியிருக்கும்.

அதைவிட முக்கியமான நன்மை ஒன்று உண்டு. எல் சாவியை ஒரு பக்கமாக இழுக்கும்போது முனை பள்ளத்துக்குள் சாயப் பார்க்கும். டி-யில் கைப்பிடியின் இரு பக்கமும் சமமாக விசை விழுவதால் முனை நேராக நிற்கும். உள்ளங்கையால் கீழ்நோக்கி அழுத்திக்கொண்டே திருப்பவும் முடியும். சேறும் தேயிலைத் தூளும் படிந்த போல்ட்டுகளை மழுங்காமல் கழற்ற இந்த அழுத்தம்தான் உதவுகிறது. டி-ஹேண்டில் விரைவுக்கும் முனை நேராக நிற்பதற்கும் உரிய கருவி. முரட்டு பலத்துக்கு உரியது அல்ல. கீழே வரும் பல பதில்கள் இதிலிருந்தே பிறக்கின்றன.

எல்லா சைஸும் வாங்கணுமா? எது எது இருந்தாப் போதும்?

2.5, 3, 4, 5, 6 மில்லிமீட்டர் ஆகிய ஐந்தும் நல்ல தரத்தில் இருந்தால் எங்கள் பட்டறைக்கு வரும் வேலைகளில் பெரும்பகுதி முடிந்துவிடும். அதிலும் 4, 5 இரண்டும்தான் நாள் முழுதும் கையில் இருக்கும். பத்து சாவிகள் கொண்ட மலிவான செட்டின் விலைக்கு இந்த இரண்டையாவது தரமாக வாங்கிவிடுங்கள் என்றே எல்லோரிடமும் சொல்கிறேன்.

8, 10 மில்லிமீட்டரில் டி-ஹேண்டில் விற்கிறார்கள். எனக்கு அவை தேவையில்லை. அந்த அளவு போல்ட்டுக்குத் தேவையான இறுக்கத்தைக் குறுகிய குறுக்குப்பிடியால் கொடுக்க முடியாது. அவற்றுக்கு ராட்செட்டில் (ஒரு திசையில் மட்டும் பிடித்துத் திருப்பும் நீண்ட பிடியில்) மாட்டும் அலன் சாக்கெட்டே சரி. காரணத்தைக் கணக்கோடு பின்னால், பைப் பற்றிய கேள்வியில் சொல்கிறேன்.

ரெண்டுமே எம்6 போல்ட்தான். ஒண்ணுக்கு 5 போகுது, இன்னொண்ணுக்கு 4 போகுது. எது டூப்ளிகேட்?

இரண்டுமே சரியானவைதான். எம்6 என்பது மரையின் (போல்ட்டின் திருகு வரிகளின்) விட்டம், மில்லிமீட்டரில். சாவியின் அளவு தலையின் வடிவத்தைப் பொறுத்தது. உருளை போன்ற உயரமான தலை உள்ள போல்ட்டுகளில் எம்3-க்கு 2.5, எம்4-க்கு 3, எம்5-க்கு 4, எம்6-க்கு 5, எம்8-க்கு 6, எம்10-க்கு 8 மில்லிமீட்டர் சாவி பொருந்தும். குமிழ் போல வளைந்த தலையிலும், பலகையோடு பதியும் கூம்புத் தலையிலும் பள்ளம் சிறியது: எம்4-க்கு 2.5, எம்5-க்கு 3, எம்6-க்கு 4, எம்8-க்கு 5. தலையே இல்லாத கிரப் ஸ்க்ரூவில் இன்னும் சிறியது: எம்5-க்கு 2.5, எம்6-க்கு 3, எம்8-க்கு 4.

இதைத் தெரிந்துகொண்டால் எச்சரிக்கை தானாக வரும். குமிழ்த் தலை போல்ட்டின் பள்ளம் சிறியது மட்டுமன்றி ஆழமும் குறைவு. எனவே அதே எம்6 ஆனாலும் உருளைத் தலைக்குக் கொடுக்கும் இறுக்கத்தை அதற்குக் கொடுக்கக் கூடாது. புல்லியைத் தண்டோடு பிடித்து வைத்திருக்கும் கிரப் ஸ்க்ரூவுக்கு முனை சிறிதும் தேயாத சாவியைத் தனியாக ஒதுக்கி வையுங்கள். மழுங்கினால் வெளியே எடுப்பதற்குப் பிடிக்கத் தலைகூட இல்லாத திருகாணி அது.

பால் முனை வெச்சது நல்லதா, நேர் முனை நல்லதா?

நேர் முனையைத்தான் முதலில் வாங்க வேண்டும். பால் முனை, அதாவது பந்து போன்ற முனை, நேராக நுழைய முடியாத இடத்தில் ஏறக்குறைய 25 டிகிரி வரை சாய்த்துப் பிடித்தும் திருப்ப உதவுகிறது. அந்த வசதி மெய்யானது. ஆனால் அதற்காக முனைக்குப் பின்னால் கழுத்துப் போலக் கடைந்து மெலிதாக்கியிருப்பார்கள். பள்ளத்தின் ஆறு முகங்களிலும் முழு நீளத்துக்குப் படிவதற்குப் பதிலாக, பந்து ஒரு மெல்லிய வளையத்தில் மட்டுமே தொடுகிறது.

ஆகவே பால் முனை சுழற்றுவதற்கு. முதல் தளர்த்தலுக்கும் கடைசி இறுக்கத்துக்கும் நேர் முனை. இந்த ஒழுங்கை மீறியதற்கு நானே விலை கொடுத்திருக்கிறேன். பிரஷ் கட்டர் ஒன்றின் கார்புரேட்டர் போல்ட்டை 4 மில்லிமீட்டர் பால் முனையால் அழுத்தி இறுக்கியபோது கழுத்து முறிந்து, பந்து மட்டும் பள்ளத்துக்குள் தங்கிவிட்டது. கடினமான எஃகு என்பதால் அதைத் துளையிடவும் முடியவில்லை. ஊசியாலும் காந்தத்தாலும் அதை வெளியே எடுக்க ஒரு மாலைப் பொழுது முழுவதும் ஆனது.

நீளமா இருந்தா நல்லதுதானே? எங்க வேணாலும் எட்டுமே?

எட்டும்; ஆனால் முறுகும். ஒரு தண்டு எவ்வளவு முறுகும் என்பது அதன் நீளத்தோடு நேராகக் கூடுகிறது. தடிமன் குறையும்போது நான்காம் அடுக்கில் கூடுகிறது. அதாவது தடிமன் பாதியானால் முறுக்கு பதினாறு மடங்கு. 200 மில்லிமீட்டர் நீளமுள்ள 4 மில்லிமீட்டர் சாவியில் 5 நியூட்டன் மீட்டர் திருப்பு விசை கொடுத்தால், போல்ட் அசையாமல் இருக்கும்போதே கைப்பிடி ஏறத்தாழ 24 டிகிரி திரும்பிவிடும். அதே சாவி 100 மில்லிமீட்டராக இருந்தால் 12 டிகிரிதான். எஃகு எவ்வளவு உயர்ந்ததாக இருந்தாலும் இந்தக் கணக்கு மாறுவதில்லை.

இதனால் இரண்டு சங்கடங்கள் உண்டாகின்றன. கைப்பிடி திரும்புவதைப் பார்த்து போல்ட் இறுகிவிட்டது என்று நினைத்து விட்டுவிடுகிறோம். அல்லது இறுகிய போல்ட் திடீரென விடுபடும்போது முறுக்கேறிய தண்டு துள்ளி, கை எதிரிலுள்ள உலோகத்தில் மோதுகிறது. 3 மில்லிமீட்டரும் அதற்குக் கீழும் 100 மில்லிமீட்டர் நீளத்துக்குள் வாங்குங்கள். 4, 5 ஆகியவற்றுக்கு 150 சரியாக இருக்கும். 6-க்கு மட்டும் 200 வரை போகலாம். ஆழக் குழிக்காக நீளமான 4 மில்லிமீட்டர் ஒன்று தனியாக இருந்தால் தவறில்லை. அதை அன்றாடக் கருவியாக்க வேண்டாம்.

கம்பில எஸ்2ன்னு போட்டிருக்கு, இன்னொண்ணுல சி.ஆர்.வி. அது என்னங்க?

சி.ஆர்.வி. என்பது குரோம் வனேடியம் எஃகு. எஸ்2 என்பது அதிர்ச்சியைத் தாங்குவதற்காக உருவான கருவி எஃகு வகை. பொதுவாக எஸ்2-ஐக் கூடுதல் கடினத்துக்குப் பதப்படுத்த முடியும் என்பதால் மூலை மெதுவாகத் தேயும். குரோம் வனேடியம் சற்றே வளைந்து கொடுக்கும். நன்றாகப் பதப்படுத்தியிருந்தால் அதுவும் பல ஆண்டுகள் உழைக்கும். 12.9 என்று தலையில் பொறித்த கடினமான போல்ட்டுகளை அடிக்கடி கையாள்பவர் எஸ்2 வாங்குவது நல்லது.

எழுத்தை மட்டும் நம்பாதீர்கள். பொறிப்பது எளிது, பதப்படுத்துவதுதான் கடினம்.

அப்ப கடையில நின்னு பாத்தே நல்லதா மட்டமான்னு கண்டுபிடிக்க முடியுமா?

பெருமளவு முடியும். நான் கடைக்குப் போகும்போது புத்தம் புதிய எம்5, எம்6 உருளைத் தலைப் போல்ட்டுகளைச் சட்டைப் பையில் எடுத்துச் செல்வேன். சாவியைப் பள்ளத்தில் நுழைத்துப் போல்ட்டை ஒரு கையில் பிடித்துக்கொண்டு கைப்பிடியை இடமும் வலமும் மெல்ல அசைத்துப் பார்ப்பேன். நல்ல சாவி அழுத்தாமலே உள்ளே போகும். போனபின் ஆட்டம் கையில் படாத அளவுக்குக் குறைவாக இருக்கும். "டக் டக்" என்று ஒலி எழுந்தால் அது அளவு குறைந்த சாவி; செட் முழுவதையும் வைத்துவிடலாம்.

அடுத்து முனையை வெளிச்சத்தில் பிடியுங்கள். வெட்டு முகம் தட்டையாகவும் ஆறு விளிம்புகளும் கூராகவும் இருக்க வேண்டும். மலிவானவற்றில் கம்பியை நறுக்கிய இடத்தில் பிசிறும், மூலைகளில் வழிந்த குரோம் பூச்சும் தெரியும். தடித்த பூச்சு மூலையை உருட்டிவிடுவதால்தான் தரமான பல சாவிகளில் முனையை மட்டும் பூசாமல் கருப்பாக விட்டிருப்பார்கள். அது குறை அல்ல. கடைசியாகத் தண்டை ஒரு கையிலும் கைப்பிடியை மறு கையிலும் பிடித்து முறுக்குங்கள். பிளாஸ்டிக்குக்குள் கம்பி மயிரிழை நகர்ந்தாலும் அது சில மாதங்களில் சுற்ற ஆரம்பித்துவிடும். அதன்பின் அந்தக் கருவிக்கு மறுவாழ்வு இல்லை.

டிசம்பர் மாசக் காலையில இரும்புப் பிடியைத் தொடவே முடியலை. ரப்பர் பிடி வாங்கலாமா?

ஊட்டிப் பக்கம் உறைபனி விழும் விடியற்காலையில் வெறும் இரும்பைப் பிடித்து நுண்ணிய வேலை செய்வது உண்மையிலேயே சிரமம். விரல் மரத்துப்போனால் இறுக்கத்தின் அளவும் தெரியாது. எனவே நம் ஊருக்கு மேலுறை உள்ள கைப்பிடி நல்ல தேர்வுதான். ஆனால் மிக மென்மையான ரப்பர், பெட்ரோலும் கிரீஸும் பட்டு ஊறிப் பிசுபிசுத்துவிடும். உள்ளே கடினப் பிளாஸ்டிக்கும் மேலே மெல்லிய ரப்பர் அடுக்கும் உள்ளதைப் பாருங்கள்.

கைப்பிடியின் ஒரு பக்கத்தில் குட்டையான அலன் முனை நீட்டிக்கொண்டிருக்கும் வகை கிடைத்தால் அதையே வாங்குங்கள். அந்தக் குட்டை முனையைப் பள்ளத்தில் போட்டால் நீண்ட தண்டே நெம்புகோலாகி, முதல் தளர்த்தலுக்கு எல் சாவி போல உதவும்.

மழைக்காலத்துல எவ்ளோ துடைச்சாலும் துரு புடிக்குது, என்ன பண்றது?

குன்னூர், கோத்தகிரிப் பக்கத்தில் அக்டோபர் முதல் டிசம்பர் வரை மழையும் மூடுபனியும் மாறி மாறி வருவதால் கருப்பு முனைகள் துருப்பிடிக்கத்தான் செய்யும். வேலை முடிந்ததும் எஞ்சின் ஆயில் தொட்ட துணியால் ஒருமுறை இழுத்துத் துடைத்து, மரப்பலகையில் துளையிட்டு நிமிர்த்தி நிறுத்திவிடுங்கள். சாக்குப் பையில் சுற்றி வைப்பதும், தேயிலைத் தூள் படியும் இடத்தில் திறந்து வைப்பதும் கூடாது. இரண்டும் ஈரத்தை உறிஞ்சிச் சாவியின் மேல் வைத்திருக்கும். மேலோட்டமான துரு பிரச்சினை அல்ல. மூலைகளில் குழி விழுந்தால்தான் சாவி கெட்டது என்று பொருள்.

பழைய மெஷினுக்கு நூல் கணக்குச் சாவி இருக்கு. அது 4 எம்.எம்.க்கும் கச்சிதமாப் போகுதே, போடலாமா?

நம் பட்டறைகளில் ஓர் அங்குலத்துக்கு எட்டு நூல். நீங்கள் சொல்வது 5/32 அங்குலச் சாவியாக, அதாவது ஒன்றேகால் நூலாக இருக்க வேண்டும். அதன் அகலம் 3.97 மில்லிமீட்டர், எனவே 4 மில்லிமீட்டர் பள்ளத்தில் அது வேலை செய்யும். 5/16 அங்குலம் 7.94 என்பதால் அதுவும் 8-க்குப் பொருந்தும். இந்த இரண்டும் தற்செயலாக நெருங்கி வந்தவை. இவற்றை வைத்து மற்றவையும் பொருந்தும் என்று எண்ணிவிடக் கூடாது.

ஒன்றரை நூலான 3/16 அங்குலம் 4.76 மில்லிமீட்டர், 5 மில்லிமீட்டர் பள்ளத்தில் கால் மில்லிமீட்டர் ஆட்டத்தோடு நின்று மூலையைச் சீவிவிடும். இரண்டு நூலான கால் அங்குலம் 6.35 மில்லிமீட்டர், அந்தப் பள்ளத்தில் 6 மில்லிமீட்டர் சாவி நுழையும், இறுக்கத்தில் நழுவும். பழைய இயந்திரங்களில் இருவகைப் போல்ட்டுகளும் கலந்திருப்பதுண்டு. அங்குலச் சாவிகளின் கைப்பிடியில் சிவப்பு நாடா சுற்றித் தனிப் பெட்டியில் வையுங்கள்.

நட்சத்திர ஓட்டை போல்ட்லயும் அலன் கீ போகுதுங்களே?

போகும், போட வேண்டாம். சைக்கிள் டிஸ்க்கைப் பிடித்திருக்கும் போல்ட்டுகள் பெரும்பாலும் டி25 டார்க்ஸ் வகை. பல சங்கிலி வாள்களில் டி27. அறுகோணச் சாவி அந்த ஆறு இதழ்களின் நுனியை மட்டும் தொட்டு மழுங்கடிக்கும். மலை இறக்கத்தில் பிரேக்கைத் தாங்கும் போல்ட்டில் இந்தச் சமாளிப்பு ஆபத்து. டி25, டி27 இரண்டுக்கும் டி-ஹேண்டில் தனியாகக் கிடைக்கிறது. கைப்பிடி வடிவத்தைக் குறிக்கும் டி வேறு, இந்த எண்ணுக்கு முன்னால் வரும் டி வேறு என்பதை நினைவில் வையுங்கள்.

கை பலம் பத்தலைன்னா டி பிடியில ஒரு பைப்பைச் சொருகித் திருப்பலாமா?

கூடாது. கணக்கைப் பாருங்கள். 8.8 என்று தலையில் தரம் பொறித்த எம்6 போல்ட்டுக்கு ஏறத்தாழ 10 நியூட்டன் மீட்டர் தேவை. 10 சென்டிமீட்டர் அகலமுள்ள குறுக்குப்பிடியில் இரு முனையிலும் பத்துக் கிலோ அளவு விசை கொடுத்தால் அது வந்துவிடும். இரு கைகளால் இயல்பாக முடிகிற செயல். எம்10-க்கு ஏறத்தாழ 50 நியூட்டன் மீட்டர். பிடி 15 சென்டிமீட்டராக இருந்தாலும் ஒவ்வொரு பக்கமும் முப்பது கிலோவுக்கு மேல் அழுத்த வேண்டும். அதனால்தான் 8, 10 மில்லிமீட்டர் அளவுகளுக்கு ராட்செட் என்று முன்பே சொன்னேன்.

பைப்பை ஒரு பக்கம் சொருகினால் டி-யின் சமநிலை போய்விடுகிறது. முனை சாய்கிறது, தண்டு வளைகிறது. அலுமினிய உடலில் ஏறியிருக்கும் எம்5, எம்6 போல்ட்டுகளுக்கு எதிர்ப்பக்க ஆபத்தும் உண்டு: இரு கைகளால் இயல்பாகத் திருப்புவதே மரையை உரித்துவிடப் போதுமானது. சைக்கிள் ஹேண்டில் போல்ட்டின் அருகே "5" என்று நியூட்டன் மீட்டர் கணக்கு எழுதியிருந்தால், அந்த அளவு வந்ததும் தானாக நழுவும் டி வடிவ டார்க் (திருப்பு விசை) கருவி கிடைக்கிறது. வாடகைச் சைக்கிள் வைத்திருப்போர் அதில் ஒன்றை வாங்குவது அவசியம் என்றே கருதுகிறேன்.

போல்ட் மூலை உருண்டு போச்சு. இனி எந்தச் சாவி போட்டா வரும்?

முதலில் அது உண்மையிலேயே உருண்டிருக்கிறதா என்று பாருங்கள். தேயிலைத் தோட்டத்து இயந்திரங்களில் மண்ணும் சாறும் பள்ளத்தின் அடியில் கெட்டித்து, சாவி இரண்டு மில்லிமீட்டர்கூட இறங்காமல் நிற்பதே பாதிச் சிக்கல். பழைய சைக்கிள் கம்பி ஒன்றின் நுனியைக் கூராக்கி, ஆறு மூலைகளையும் சுரண்டி, மண்ணெண்ணெய் ஒரு சொட்டு விட்டு ஊதிப் பாருங்கள். அடித்தளத்தின் உலோகம் மின்னுவது தெரிந்தபின் சாவியைப் போட்டு, கைப்பிடியின் உச்சியில் உள்ளங்கையால் அழுத்திக்கொண்டு திருப்பினால் பல போல்ட்டுகள் மசிந்துவிடும்.

அப்படியும் நழுவினால், சற்றே பெரிய டார்க்ஸ் பிட்டைச் சுத்தியலால் பள்ளத்தில் இறக்கித் திருப்புவது பயன்படும். அந்தப் போல்ட்டை மறுபடி பூட்டக் கூடாது. டி-ஹேண்டிலின் தலையில் மட்டும் சுத்தியலை வைக்காதீர்கள், கைப்பிடி உடையும். மரை தளராமல் பிடிக்கும் சிவப்புப் பசை போட்டிருந்தால் ஏறத்தாழ 250 டிகிரி வரை சூடாக்காமல் எந்தச் சாவிக்கும் அது வராது.

சாவியின் முனையும் தேய்ந்திருக்கும், அதையும் பாருங்கள். நேர் முனை என்றால் இரண்டு மூன்று மில்லிமீட்டரைக் கிரைண்டரில் சீவிவிட்டால் புது மூலை கிடைக்கும். ஒவ்வொரு தொடுதலுக்கும் தண்ணீரில் தோய்த்துக்கொண்டே சீவுங்கள். முனை நீல நிறமேறினால் பதம் போய்விட்டது, அந்த நீலப் பகுதியையும் சேர்த்துச் சீவ வேண்டும். பால் முனைக்கு இந்த வைத்தியம் இல்லை.

பிரஷ் கட்டர் பிளேடைக் கழட்ட ஓட்டையில 4 எம்.எம். டி-யைச் சொருகிப் புடிச்சேன். அது வளைஞ்சு போச்சு. ஏன்?

கியர் பெட்டியின் ஓரத்திலுள்ள அந்தத் துளை, தண்டு சுற்றாமல் பிடித்து நிறுத்துவதற்கானது. இயந்திரத்தோடு தரும் தடித்த ஊசி அல்லது குட்டை எல் சாவிதான் அதற்கு உரியது. டி-யின் நீண்ட தண்டு அங்கே குறுக்காக வளைய நேர்கிறது. முறுக்கைத் தாங்கச் செய்த கருவிக்கு அந்த வளைவு ஒத்துவராது. வளைந்த தண்டைத் தட்டி நிமிர்த்தினாலும் அது சுழலும்போது முனை பள்ளத்தில் ஆடும் என்பதால், அதை இனி இப்படி ஊசியாகவே வைத்துக்கொண்டு புதியது ஒன்று வாங்குங்கள்.

நீங்கள் அவ்வளவு அழுத்தியதற்கு இன்னொரு காரணம் இருந்திருக்கலாம். பிரஷ் கட்டர்களில் பிளேடைப் பிடிக்கும் நட்டு பொதுவாக இடது மரை; வழக்கம்போல இடப்பக்கம் திருப்பினால் அது கழலாது, இன்னும் இறுகும். கியர் தலையில் பொறித்திருக்கும் அம்புக்குறியைப் பார்த்து, வலப்பக்கமாகத் திருப்பித் தளர்த்துங்கள்.